முன்னால் நிற்கும் பெயர்

எண்பதுகளின் பின்பாதியில் பழவேற்காட்டில் ஒரு கம்ப்யூட்டர் ஓடியது என்றால் இன்றைக்கும் சிலர் நம்புவதில்லை. தினமும் அதன் மேல் படிந்த உப்புப் பிசுக்கைத் துடைத்தவன் நான் என்பதால், எனக்கு நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

ஏரியிலிருந்து எவ்வளவு இறாலும் மீனும் எடுக்கிறார்கள் என்று கண்டறிய ஒரு ஆய்வுத் திட்டம் வந்தது. தலைமை அலுவலகம் சென்னையில். எங்களுக்கு ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். நடு அறையில் ஒரு ஏசி, ஒரு ஸ்டெபிலைசர், மேசைக்கு அடியில் அடங்கும் ஒரு பெட்டி, மேசையின் மேல் மூன்று டெர்மினல்கள், மூலையில் கரகரவென்று அழும் ஒரு பிரிண்டர். பெட்டியில் ஓடியது யூனிக்ஸ். படம், சுட்டி எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. நாம் ஒரு சொல்லை அடித்தால் அது ஒரு வேலையைச் செய்யும், அவ்வளவுதான்.

நான் ஊர்க்காரன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு காலத்தில் கப்பல் வைத்திருந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். என் காலத்தில் வீட்டில் மிச்சமிருந்தது அந்தப் பேச்சு மட்டும்தான். சென்னையில் ஒரு வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்ததால் இந்த வேலை கிடைத்தது. டீக்கடையில் என்னைக் கம்ப்யூட்டர் பாய் என்று கூப்பிடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எதையும் பாதிதான் விளக்குவேன். மீதியைக் கேட்டால் எரிந்து விழுவேன்.

என்னோடு இரண்டு பேர். ஒருவர் கள உதவியாளர், நாற்பது வயதுக்காரர். ஏரியின் தெற்கே முகத்துவாரத்துப் பக்கம், பாடு முறைப்படி வலை போடும் உரிமையுள்ள மீனவக் குடும்பம். கரைக்குக் கரை போய் அளவுகளைக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. இன்னொருத்தி தட்டச்சு செய்ய வந்த பெண். சுண்ணாம்புக்குளத்துக்கு இந்தப் பக்கம், ஏரியின் வடக்கே ஒரு சின்ன ஊர். அவளுடைய அம்மா மார்பளவு தண்ணீரில் நின்று சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிறவர். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையாக இருக்கும் என்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மேசை முன்னால் உட்கார்ந்தவள் இவள். ஆறு மாதத் தற்காலிக வேலை. அவளைப் பற்றிய என் அறிக்கை நன்றாக இருந்தால் நீட்டிப்பார்கள், இல்லையென்றால் இல்லை. அதற்கு அவள் வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஏரியை வடக்கு, தெற்கு, நடு என்று மூன்று பகுதியாகப் பிரித்திருந்தோம். தெற்கே கூடையில் அளந்தார்கள், கூடைக்கு ஐந்து கிலோ. நடுவில் சின்னக் கூடை, இரண்டரை கிலோ. வடக்கே பறி, இரண்டு கிலோவும் இருநூறு கிராமும். அளவைக் கிலோவாக மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதி அதற்கு ஆங்கில எழுத்தில் 'எடை' என்று பேர் வைத்தேன். மூன்று பகுதிக்கும் மூன்று நிரல்கள், மூன்று அடைவுகளில், அதாவது டைரக்டரிகளில். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பேர். சோம்பேறித்தனம் என்று இப்போது சொல்கிறேன், அப்போது சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

ஒரே பேரில் மூன்று இருந்தால் மிஷினுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நாம் பேரும் பாஸ்வேர்டும் அடித்து உள்ளே நுழைந்ததும், நம்மிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் மிஷின் ஒரு கோப்பைப் படிக்கும். புரொஃபைல் என்று பேர். பேருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதால் சாதாரணமாகப் பட்டியல் கேட்டால் கண்ணில் படாது. காலையில் கடை திறக்கிறவனுக்கு எழுதி வைத்த சீட்டு மாதிரி அது. அதில் ஒரு வரியில், எந்தெந்த அடைவில் தேட வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். 'எடை' என்று அடித்தால் மிஷின் அந்தப் பட்டியலை வரிசையாகப் பார்க்கும். முதலில் எந்த அடைவில் அந்தப் பேர் அகப்படுகிறதோ அதை ஓட்டும். அடுத்ததைத் திரும்பியும் பார்க்காது.

வடக்கு வேலைதான் அதிகம். அதைச் செய்கிறவள் அந்தப் பெண். அதனால் மூன்று பேரும் பயன்படுத்திய பொதுப்பெயரின் புரொஃபைலில் வடக்கு, தெற்கு, நடு என்று எழுதினேன். அவள் 'எடை' என்று மட்டும் அடித்தால் போதும், வடக்கு ஓடும். மற்ற இரண்டு பகுதிக்கும் நானோ கள உதவியாளரோ வேர் அடைவிலிருந்து முழு விலாசத்தையும் அடிப்போம். அப்படி அடித்தால் மிஷின் பட்டியலைப் பார்க்காமல் நேராக அந்த நிரலுக்கே போகும். ஆக, பட்டியலை நம்பியிருந்தது அவள் ஒருத்திதான்.

நான்காவது மாதம் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் தாள்களின் நகலில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். வடக்குப் பகுதியில் மட்டும் சில நாள் இறால் இரண்டு மடங்காகிறது, மறுநாள் பாதியாகிறது. வடக்கே இறால் நாள் பார்த்து வருகிறதா என்று அதிகாரி கேட்டிருந்தார். என் காது சூடாகிவிட்டது. நேராக அவள் மேசைக்குப் போனேன்.

"இன்னாம்மா இது? நோட்டுல முப்பத்தெட்டு பறினு எழுதிக்கீது. தாள்ல நூத்தித் தொண்ணூறு கிலோ. எப்படி வந்துச்சு?"

"நான் முப்பத்தெட்டுனுதான் சார் அடிச்சேன். மிஷின் குடுத்தத தாள்ல ஏத்தினேன்."

"மிஷின் தானா பொய் சொல்லுமா?"

அவள் பென்சிலை எடுத்து நோட்டின் ஓரத்தில் ஏதோ போட்டுப் பார்த்தாள்.

"சார், நான் தப்பா அடிச்சி நூத்தித் தொண்ணூறு வரணும்னா, எம்பத்தாறு பறிக்கு மேல, எம்பத்தேழுக்குக் கீழ அடிச்சிருக்கணும். பறியில பாதி, காலுனு நாங்க எழுதறதே இல்லியே."

அது அசைக்க முடியாத வாதம். இன்றைக்கு எந்த நிபுணனும் அந்த இடத்திலிருந்துதான் தேடத் தொடங்குவான். நான் என்ன செய்தேன் என்றால், என் சொந்தப் பெயரில் உள்ளே நுழைந்து முப்பத்தெட்டு என்று அடித்தேன். எண்பத்து மூன்று கிலோ அறுநூறு கிராம் என்று சரியாக வந்தது. என் பெயருக்கு என் சொந்தப் புரொஃபைல், அதை யாரும் தொடுவதில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. பொதுப்பெயரின் கோப்பையும் திறந்து பார்த்தேன். மூன்று அடைவும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. எது முன்னால் நிற்கிறது என்று பார்க்கவில்லை. நானே எழுதிய கோப்பு, அதில் என்ன பார்ப்பது என்ற எண்ணம்.

அன்று மத்தியானமே சென்னைக்குப் பதில் எழுதினேன். நிரலில் பிழையில்லை, சோதித்துவிட்டேன், தட்டச்சு செய்பவரின் கவனக்குறைவு என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடிதம் கொஞ்சம் மொட்டையாகத் தெரிந்ததால் இன்னொரு வரியும் சேர்த்தேன். அந்த வரியைப் பிறகு சொல்கிறேன். மறுநாள் பொன்னேரி பஸ்ஸில் தபால் பை போய்விட்டது.

அறிக்கை எப்படிப் போயிருக்கும் என்று அவள் ஊகித்திருக்க வேண்டும். நான்கைந்து நாள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காலை நான் டீ குடித்துவிட்டு உள்ளே வரும்போது எழுந்து நின்றாள்.

"சார், ஒரு தபா என் பக்கத்து டெர்மினல்ல ஒக்காருங்க. நான் அடிக்கறதையே நீங்களும் அடிங்க. உங்க பேர்ல வேணாம், எங்க பேர்ல வாங்க."

எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். அவள் தப்பை அவளுக்கே காட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பொதுப்பெயரில் நுழைந்தேன். அவள் ஏற்கெனவே அதே பெயரில் உள்ளே இருந்தாள். இருவரும் 'எடை' என்று அடித்தோம். இருவரும் நாற்பது என்று அடித்தோம்.

அவள் திரையில் எண்பத்தெட்டு. என் திரையில் இருநூறு.

நான் மறுபடி அடித்தேன். இருநூறு. அவளை மறுபடி அடிக்கச் சொன்னேன். எண்பத்தெட்டு. ஒரே மிஷின், ஒரே பேர், ஒரே சொல், ஒரே எண். தப்பு என் விரலிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இரண்டு டெர்மினலிலும் தேடல் பட்டியலைக் காட்டச் சொல்லி அடித்தேன். அவளுடையதில் வடக்கு, தெற்கு, நடு. என்னுடையதில் தெற்கு, நடு, வடக்கு. புரொஃபைலை மிஷின் படிப்பது நுழையும்போது ஒரே ஒரு முறை. அவள் நுழைந்ததற்கும் நான் நுழைந்ததற்கும் இடையில் கோப்பு மாறியிருக்கிறது. புள்ளிவைத்த கோப்புகளையும் சேர்த்துப் பட்டியல் கேட்டேன். கடைசியாக மாற்றிய நேரம் என்று, அன்று காலை ஒன்பதடிக்கப் பத்து நிமிடம் காட்டியது. அந்த நேரத்தில் நான் டீக்கடையில் இருந்தேன். தினமும் எட்டரைக்கு மிஷினைப் போட்டுவிட்டு ஒன்பது வரை டீக்கடைதான்.

அறையில் இன்னும் ஒருவர்தான் இருந்தார். கள உதவியாளர் ஜன்னலோரம் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த ஃபைல யாரு தொட்டது?"

"நான்தான் சார் மாத்தறேன்" என்றார். கொஞ்சமும் பதறவில்லை. "தெனம் மாத்திகினுதான் வரேன்."

"தினமுமா? எதுக்கு?"

"பின்ன, வடக்கே தெனம் முன்னால நிக்கலாமா சார்?"

பாடு பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வலை நிறையாது. முகத்துவாரத்தை ஒட்டிய இடம் ஒரு விதம், உள்ளே இருப்பது ஒரு விதம். அதனால் இன்ன நாள் இன்னார் இன்ன இடம் என்று முறை வைத்திருப்பார்கள். இன்று நல்ல இடத்தில் வலை போட்டவர் நாளைக்கு வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். எத்தனை பெரிய ஆளானாலும் முன்னாலேயே நின்றுகொண்டிருக்க முடியாது. அவர் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்தது அந்த முறையை. அவர் ஊரில் ஒரே இடத்தை ஒருவனுக்கே கொடுத்தால் அன்றைக்கே அடிதடி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் அம்மை போட்டுப் படுத்திருந்தேன். பிரிண்டருக்காக அந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்ற வேண்டியிருந்தது. எப்படித் திறப்பது, எப்படி எழுதுவது, எப்படி மூடுவது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தனுப்பினேன். அவர் சரியாகச் செய்துவிட்டார். நான் திரும்பி வந்ததும், அந்த மூன்று அடைவுகளின் பேரும் எதற்கு வரிசையாக இருக்கிறது என்று என்னைக் கேட்டார். "முன்னால இருக்கறதத்தான் மிஷின் மொதல்ல கவனிக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அதற்கு மேல் அவருக்குப் புரியாது என்று நினைத்தேன்.

அவருக்கு நன்றாகவே புரிந்தது. தெற்குத் தாள்கள் எப்போதும் கடைசியில்தான் அச்சாகும். பாதி நாள் அதற்குள் கரண்ட் போய்விடும். பட்டியலில் யார் முன்னால் நிற்கிறாரோ அவர் வேலையை மிஷின் முதலில் முடித்துக் கொடுக்கிறது, வடக்கு தினமும் முன்னால் நிற்பதால்தான் இப்படி என்று முடிவுகட்டினார். தினமும் காலையில், நான் டீக்குப் போன பிறகு, பொதுப்பெயரில் நுழைந்து, முதலில் நிற்கும் அடைவை எடுத்துக் கடைசியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். வராத நாளில் முறை அப்படியே நிற்கும். வந்தால் அடுத்தவருக்குப் போகும்.

அவர் தெற்குக்காரர். தெற்கை முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் முறை வைத்தார்.

அந்தப் பெண்ணின் தாள்கள் ஏன் ஒழுங்கில்லாமல் தவறின என்பதும் அப்போதுதான் விளங்கியது. அவள் அவளுடைய நைனாவின் படகில் வருகிறவள். வாடைக்காற்று அடித்தால் பாய் நிறைந்து, கள உதவியாளர் வருவதற்கு முன்பே வந்துவிடுவாள். அன்று முந்தின நாள் வரிசை. காற்று எதிராக அடித்தால் கழி ஊன்றி வந்து சேர ஒன்பதரை ஆகும். அன்று புது வரிசை. நடு முன்னால் நிற்கும் நாளில் வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. தெற்கு முன்னால் நின்ற நாளில்தான் இறால் இரண்டு மடங்கானது. நான் தேதியை வைத்துத் தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"அப்போ இந்தப் பொண்ணு மேல எழுதினது என்னாலயா சார்?"

"ஆமா" என்றேன். "என்னால" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவர் அவளிடம் போய், "தெரியாம பண்ணிட்டேம்மா, வுட்ரு" என்றார். பிறகு என்னிடம் வந்து, "என் பேரப் போட்டே எழுதுங்க சார், இன்னா வந்தாலும் நான் பாத்துக்கறேன்" என்றார். நான் அவர் பேரைப் போடவில்லை. தொடக்கக் கோப்பில் ஒரு மாற்றம் ஏற்பட்டுவிட்டதாக எழுதினேன். ஆபீஸ் கடிதங்களில் எல்லாமே தானாகத்தான் ஏற்படும். யாரும் எதையும் செய்வதில்லை. தட்டச்சு செய்பவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். என் மேல் உண்டு என்று எழுத மனம் வரவில்லை.

அந்தக் கோப்பை நான் தவிர யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினேன். வடக்கை முன்னால் வைத்தேன். பழைய தாள்களையெல்லாம் மறுபடி போட்டு எடுக்க ஒரு வாரம் ஆனது. அவள் நோட்டைப் படிப்பாள், நான் அடிப்பேன். அவள் வேலை இருக்குமா போகுமா என்று இருவருக்கும் தெரியாது. முதல் கடிதம் போய்ச் சேர்ந்து நாளாகியிருந்தது. அந்த ஒரு வாரமும் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பதில் ஒரு திங்கட்கிழமை வந்தது. உறை அவள் பேருக்கு. ஜன்னலோரம் நின்று பிரித்தாள். ஆங்கிலம் என்பதால் விரல் வைத்து நிதானமாகப் படித்தாள். ஒரு வருடம் நீட்டித்திருந்தார்கள். கள உதவியாளர் சந்தோஷம் தாங்காமல் டீ வாங்கி வரக் கிளம்பிவிட்டார். அவள் தாளைத் திருப்பினாள். பின்னால் இன்னும் இரண்டு தாள் குத்தியிருந்தது. ஆபீஸ் வழக்கப்படி, சம்பந்தப்பட்ட கடிதங்களின் நகலையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். என் கடிதங்கள் இரண்டும்.

இப்போது அந்த வரியைச் சொல்லிவிடுகிறேன். 'கையால் இறால் பிடிக்கும் குடும்பத்திலிருந்து வந்தவர் ஆகையால், எண்களைக் கையாளுவதில் இவருக்குப் போதிய பழக்கம் இல்லை.'

அவள் விரல் அந்த இடத்தில் நின்றதைப் பார்த்தேன். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. அவள் தாள்களை ஒழுங்காக மடித்து உறைக்குள் வைத்தாள்.

"எங்கம்மா பறியப் பல்லுல கடிச்சினுதான் சார் எண்ணும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வாயத் தொறக்க முடியாது, பறிக்குள்ள பாக்கவும் முடியாது. கரைக்கு வந்து கொட்டி எண்ணினா, மனசுல வச்சிருந்ததுல ஒண்ணு கூடக் கொறையாது. எம்பத்தாறுக்கு மேல, எம்பத்தேழுக்குக் கீழனு நான் சொன்னனே, அது எங்கம்மா எனக்குச் சொல்லிக் குடுத்த கணக்குதான்."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்பது நினைவிருக்கிறது, என்ன சொல்லிக் கேட்டேன் என்பது நினைவில்லை. "பரவால்ல சார்" என்றாள். டீ வந்தது. குடித்தோம்.

பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து அன்றைய நோட்டைத் திறந்தாள். இப்போது வடக்கு முன்னால் நிலையாக நிற்கிறது, கோப்பைப் பூட்டிவிட்டேன், 'எடை' என்று மட்டும் அடித்தால் போதும் என்று அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அவள் தலையாட்டியும் இருந்தாள். ஆனால் வேர் அடைவில் தொடங்கி ஒவ்வொரு அடைவின் பேரையும், நடுவில் வரும் சாய்கோடுகளையும் விடாமல், முழு விலாசத்தையும் எழுத்தெழுத்தாக அடித்தாள்.

திட்டம் முடியும் வரை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கணக்குக்கும் அப்படியேதான் அடித்தாள். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.